எண்பத்தெட்டாம் பக்கத்துச் சிலுவை

ஜனவரி பிறந்துவிட்டால் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வாட்டர்லூ ஊரில் ஆர்வில் டெஷ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு கிடையாது. நானூற்றுப் பன்னிரண்டு தபால் அட்டைகள் அங்கே வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும். ஆர்விலும் அவர் மனைவி வெர்னாவும் ஒரு வாரத்துக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில்தான் சாப்பிட வேண்டும். இதைப் பற்றி வெர்னா இருபத்தைந்து வருஷமாக ஒரே ஒரு பேச்சைத்தான் பேசிவந்தாள்.

"மத்தவங்க வீட்ல கிறிஸ்துமஸ் மரத்த எடுத்தா இடம் கிடைக்கும். நம்ம வீட்ல எடுத்தா மேசையும் சேர்ந்து போயிடும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து ஸ்டாம்பை நாக்கில் நனைத்து ஒட்ட ஆரம்பிப்பாள். எல்லாம் இரட்டை அட்டைகள். ஒரு பாதியில் ரயில் கம்பெனியின் விலாசம். மறு பாதி அவர்கள் நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டியது. அதிலும் ஸ்டாம்பு ஒட்டியிருக்கும். எஞ்சின்கள் எத்தனை, அவற்றின் எண்கள் என்ன, எந்தப் பட்டறையில் எந்த வருஷம் செய்தவை, பாதை எத்தனை மைல், பெரிய லைனோடு எந்த ஊரில் சேருகிறது, வாரத்தில் என்னென்ன கிழமை ஓடுகிறது, பிற விவரம். ஏழு கோடுகள். அதற்குமேல் ஆர்வில் யாரையும் ஒன்றும் கேட்டதில்லை.

பெரிய கம்பெனிகள் கட்டுப்படியாகாது என்று கழற்றிவிட்ட கிளைப் பாதைகளை உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து வாங்கி, பத்து மைல் இருபது மைல் என்று ஓட்டுவார்களே, அப்படிப்பட்ட சிறு பாதைகளுக்கு நாடு முழுவதற்குமாக ஒரு கையேடு அவர் போட்டுவந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு பதிப்பு, பாதைக்கு ஒரு பக்கம். அட்டை வருஷா வருஷம் போகும்; பதிப்புகளுக்கு நடுவே ஜனவரியில் ஒரு திருத்தப் பட்டியல் வரும். அட்டை பச்சை நிறம் என்பதால் ரயில் பைத்தியங்கள் அத்தனை பேரும் அதைப் பச்சைப் புத்தகம் என்றே சொன்னார்கள். விடுமுறை வந்தால் காரின் முன் இருக்கையில் மனைவி உட்காருகிறாளோ இல்லையோ, பச்சைப் புத்தகம் உட்கார்ந்திருக்கும் என்று அவர்களுக்குள் ஒரு கேலி உண்டு.

முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீசில் கடிதம் பிரித்தவர் ஆர்வில். எதுவும் அதனதன் அறையில் போய் விழ வேண்டும் அவருக்கு. பதில் அட்டைகளை மாநிலவாரியாகச் செருப்புப் பெட்டிகளில் அடுக்கியிருந்தார். பதில் வராத பாதைகளுக்கு ஒரு விதி வைத்திருந்தார். அது ஒவ்வொரு பதிப்பின் முன்னுரையிலும் அச்சாகும்: கம்பெனியின் கையெழுத்தில் வந்தது அல்லாமல் வேறு எதுவும் இங்கே அச்சிடப்படுவதில்லை. தொடர்ந்து இரண்டு அட்டைகளுக்குப் பதில் இல்லையென்றால் அந்தப் பாதை இயங்கவில்லை என்று கொள்ளப்படும்; பெயருக்கு முன்னால் ஒரு சிலுவை இடப்படும்.

இந்த விதி சும்மா வந்ததல்ல. 1977 பதிப்பில், மிசூரியிலிருந்து ஒருவர் எழுதினார் என்று நம்பி, ஒரு பாதையில் பழைய நீராவி எஞ்சின் ஒன்று நிற்பதாக ஆர்வில் அச்சிட்டுவிட்டார். இருபது முப்பது பேர் எங்கெங்கிருந்தோ காரை ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் அங்கே மாட்டுக் கொட்டகை. ரயில் பைத்தியங்களின் சங்கம் அந்த வருஷம் வைத்த விருந்தில் அவருக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். பளபளப்பான தாளைப் பிரித்தால் உள்ளே பொம்மை மாடு, கழுத்தில் எஞ்சின் எண்ணோடு. இருநூறு பேர் சிரித்தார்கள். ஆர்விலும் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்து அன்றைக்கே விதியை எழுதினார்.

*

ஹாலோவே அண்ட் வெஸ்டர்ன் என்கிற பாதை எண்பத்தெட்டாம் பக்கம். அயோவாவின் வடமேற்கில், ஹாலோவே என்கிற ஊரில் பெரிய லைனிலிருந்து பிரிந்து பத்தொன்பது மைல் போய் ஒரு தானியக் கிடங்கின் வாசலில் முடிந்துவிடும். இரண்டு எஞ்சின், நான்கு ஆட்கள். அதன் சொந்தக்காரர் லைல் எங்கபிரெட் இருந்தவரை அட்டை போன பத்தாம் நாள் பதில் வந்துவிடும். பிற விவரம் என்ற கோட்டில் பனி எவ்வளவு விழுந்தது என்றுகூட எழுதியிருப்பார். அவர் இறந்தபின் மனைவி மார்லிஸ் லைனை எடுத்து நடத்தினாள்.

அந்தப் பக்கத்தின் கீழே ஒரு வரி உண்டு: பதினோராம் மைலில் உள்ள மரப்பாலத்தின் மேல் காலை பத்து மணிக்கு வெளிச்சம் நன்றாக விழும், படம் எடுக்க உகந்த இடம். 1990 கோடையில் ஒஹையோவிலிருந்து வந்த ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டு, கேமராவும் கையுமாகப் பாலத்தில் ஏறி, வெளிச்சத்துக்காக ஒரு அடி பின்னால் வைத்து, கீழே ஓடையில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். பிறகு வழக்கும் போட்டார். காப்பீட்டுக்காரர்கள் மார்லிஸைப் பாடாய்ப் படுத்திவிட்டார்கள்.

அடுத்த ஜனவரி அட்டைக்குப் பதிலாக அவளிடமிருந்து நாலு வரிக் கடிதம் வந்தது. எங்கள் லைனைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுங்கள். முடியாதென்றால் பாலத்தைப் பற்றிய வரியையாவது எடுங்கள். உங்கள் வாசகர்கள் ஒரு மூட்டைச் சரக்கும் எங்களுக்குக் கொண்டுவந்ததில்லை.

ஆர்வில் மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதினார். ஒரு பாதையை விட்டுவிட்டால் அது கையேடே அல்ல என்பது முதல் பக்கம். பாலத்தின் மேல் வெளிச்சம் விழுவது உண்மை, உண்மையை எடுக்க முடியாது என்பது இரண்டாம் பக்கம். மூன்றாவதில் லைலின் ஒழுங்கான கையெழுத்தைப் புகழ்ந்து, அந்தப் பழக்கம் தொடரும் என்று நம்புவதாக முடித்திருந்தார். படித்த வெர்னா, புருஷன் செத்தவளுக்கு இப்படி ஒரு கடிதம் எழுத நாட்டிலேயே உன் ஒருவனால்தான் முடியும் என்றாள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். 1991 பதிப்பில் வரி அப்படியே இருந்தது. அனுமதி பெற்றுச் செல்க என்று மூன்று சொற்கள் சேர்த்திருந்தார், அவ்வளவுதான்.

1992 அட்டைக்கு ஹாலோவேயிலிருந்து பதில் இல்லை. 1993 அட்டைக்கும் இல்லை.

*

அந்த மே மாதம் ஆர்வில் காரை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனார். எந்தக் கம்பெனிக்கும் அவர் அப்படிப் போனதில்லை. நாலு மணி நேர ஓட்டம். கையில் ஒரு புதுப் பச்சைப் புத்தகமும் நிரப்ப ஒரு அட்டையும்.

ஹாலோவே ஆபீஸ் என்பது பழைய ஸ்டேஷனின் சாமான் அறை. மார்லிஸுக்கு ஐம்பது வயதிருக்கும், ஆண்பிள்ளைச் சட்டை, காதில் செருகிய பென்சில். அவரை உட்காரச் சொன்னாள். காபி வேண்டுமா என்று கேட்டு எழுந்துபோய் ஊற்றினாள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் காபி மெஷின் நின்ற மேசைக்கு ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில் பச்சையாக ஒன்று சொருகியிருந்தது. ஆர்வில் குனிந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. அட்டையின் மூலையைப் பார்த்ததுமே எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிட்டது. 1991.

அவர் கண் போன இடத்தை அவளும் பார்த்துவிட்டாள். கொஞ்சம் சங்கடப்பட்டிருக்கலாம். ஆனால் அன்று காலைதான் காப்பீட்டுக்காரர் வந்துவிட்டுப் போயிருந்தார்.

"அது இப்ப இருக்கற இடத்துலேர்ந்து இதுவரைக்கும் ஒருத்தரும் விழல, மிஸ்டர் டெஷ்," என்றாள்.

மூலையில் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த எஞ்சின் ஓட்டி டுவேன் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். பொம்மை மாடு பதினாறு வருஷத்துக்குப் பிறகு மறுபடி வந்து ஆர்விலின் முன்னால் நின்றது. அவர் அட்டையை மேசையில் வைத்தார். நேரமிருக்கும்போது நிரப்பி அனுப்பிவிடுங்கள் என்றார். நேரம் இருக்காது என்றாள் அவள். காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

ஊருக்கு வெளியே ரோடு தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் காரை நிறுத்தினார். பழக்க தோஷம், எந்தத் தண்டவாளத்தையும் பார்க்காமல் அவரால் தாண்ட முடியாது. ரயில் ஓடுகிறதா இல்லையா என்பதை யாரையும் கேட்க வேண்டியதில்லை, தண்டவாளத்தின் தலையே சொல்லிவிடும். ஓடாத பாதையில் துரு பூத்திருக்கும். இது தீட்டிய கத்தி போலப் பளபளத்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூவிக்கொண்டு ரயிலே வந்துவிட்டது. ஆரஞ்சு நிற எஞ்சின், எண் 302. பின்னால் பதினோரு தானிய வேகன்கள். மணி இரண்டு நாற்பது. ஜன்னலிலிருந்து டுவேன் கையசைத்தான். ஆர்வில் படம் எடுத்தார். சட்டைப்பையிலிருந்த குறிப்பேட்டில் தேதி, நேரம், எண், வேகன்கள் எல்லாவற்றையும் எழுதினார். கையசைக்கவில்லை.

*

அக்டோபரில் அச்சுக்குப் போகவேண்டிய பக்கங்களை வெர்னா மின்சாரத் தட்டச்சில் அடித்துக்கொண்டிருந்தாள். எண்பத்தெட்டாம் பக்கம் வந்தபோது பெயருக்கு முன்னால் ஆர்விலின் பென்சில் ஒரு சிலுவை போட்டிருந்தது.

"இது ஓடுதுன்னு நீதானே வந்து சொன்ன. வேகன கூட எண்ணிட்டு வந்த."

இரண்டு அட்டைக்கும் பதில் இல்லை என்றார் ஆர்வில்.

"கண்ணால பார்த்தது?"

அதற்கும் அவரிடம் ஒழுங்கான பதில் இருந்தது. என் கண்ணை நம்பி ஒரு பக்கம் அச்சிட்டால் மிசூரிக்காரன் கண்ணை நம்பியும் அச்சிட வேண்டும். விதி என்றால் எல்லோருக்கும் விதி. எனக்கே விலக்கு கொடுத்துக்கொண்டால் அப்புறம் அது விதியா? பேசப் பேச அவருக்கே தன் பேச்சு நியாயமாகப் பட்டது. விதியை எழுதியவர் தாம்தான், ஆனால் சிலுவையைப் போடுவது தாமல்ல, விதி. அந்த எண்ணம் அவருக்கு இதமாக இருந்தது. காபி மேசையின் குட்டைக் காலைப் பற்றி அவர் வெர்னாவிடம் சொல்லவே இல்லை.

வெர்னா அடித்தாள். சிலுவை அச்சானது.

*

அடுத்த மார்ச்சில், 1994, மார்ஷல்டவுன் பொருட்காட்சிக் கொட்டகையில் ரயில் பைத்தியங்களின் வருஷச் சந்தை. நீளமான மேசைகளில் பொம்மை ரயில்கள், பழைய விளக்குகள், கால அட்டவணைகள். மூலையில் சர்ச் பெண்கள் ரூபார்ப் பை என்ற இனிப்புப் பலகாரம் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆர்விலின் மேசையில் பச்சைப் புத்தகங்கள் செங்கல் அடுக்கியதுபோல் அடுக்கியிருந்தன. வாங்குகிறவர்களுக்கு முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.

பதினொன்றரைக்கு மார்லிஸ் வந்தாள். தேவாலயத்துக்குப் போகிற கோட்டு அணிந்திருந்தாள். வரிசையில் அவளுக்கு முன்னால் இருந்த இரண்டு பேரும் வாங்கிக்கொண்டு போகும்வரை காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, வளவளவென்று இல்லாமல், நடந்ததைச் சொன்னாள்.

ஒரு உரக் கம்பெனி அந்த வட்டாரத்தில் பெரிய கிடங்கு கட்ட இடம் தேடிக்கொண்டிருக்கிறது. ரயில் பக்கத்தில் இருக்க வேண்டும். பொருத்தமாக இரண்டே இடங்கள். ஒன்று அவளுடைய லைன் முடியும் ஊர், மற்றொன்று அறுபது மைல் தெற்கே. இடம் பார்க்கிற ஆபீசர் எங்கோ நகரத்தில் உட்கார்ந்து பச்சைப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். எண்பத்தெட்டாம் பக்கத்தில் சிலுவை. செத்த லைனுக்கு எதற்குப் போன் செய்வது என்று செய்யவில்லை. தானியக் கிடங்கு மானேஜர் வழியாக இவளுக்குச் செய்தி காதில் விழுந்து, இவளே போன் செய்து ஓடுகிறது ஐயா என்று சொன்னால், லைன்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்கிறார் அவர். பார்க்க வாருங்கள் என்றால் அதற்கெல்லாம் ஆள் இல்லை என்கிறார். லைனோடு சம்பந்தமில்லாத ஒருவர் எழுத்தில் கொடுத்தால் பார்க்கலாம் என்றிருக்கிறார். முடிவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

தானியக் கிடங்கு ஒன்றை மட்டும் வைத்து இன்னொரு குளிர்காலம் தாங்காது, அந்த உரம் வந்தால் லைன் பிழைக்கும், வராவிட்டால் அறுவடையோடு முடிந்தது என்று சொல்லிவிட்டு அவள் மூச்சு வாங்கினாள்.

"நான் எழுதினா ஓடாது. நீங்க எழுதினா ஓடும். அவங்ககிட்ட இருக்கறது உங்க புத்தகம்தானே."

ஆர்வில் கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். விதி இருக்கிறது, அட்டை வரவில்லை, முன்னுரையிலேயே எழுதியிருக்கிறது என்று ஆரம்பித்தார். அவள் கையை நீட்டினாள்.

"குடுங்க அட்டைய."

அவர் மேசைக்குக் கீழிருந்து ஒரு அட்டை எடுத்துக் கொடுத்தார். காதுப் பென்சில் இல்லை அன்றைக்கு. அவர் பேனாவையே வாங்கி, பலகாரம் வாங்க வந்த கூட்டம் முதுகில் இடிக்க, நின்றபடியே ஏழு கோடுகளையும் நிரப்பினாள். தலைகுனிந்து எழுதுகிற அவளைப் பார்த்தபோது ஆர்விலுக்கு உள்ளுக்குள் ஏதோ நிறைந்தது. அதற்கு என்ன பெயர் என்று அவர் தேடவில்லை.

அட்டையை நீட்டும்போது அவள் இன்னும் ஒன்று சொன்னாள், பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்காத குரலில்.

"அன்னைக்கு ரோடு கடக்கற இடத்துல நின்னு நீங்க படம் எடுத்ததையும் எழுதினதையும் டுவேன் பார்த்தான். நான் இங்க யாருக்கும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்க பார்த்தத அப்படியே எழுதுங்க, அது போதும். அன்னைக்கு நான் பேசினது தப்பு."

ஆர்வில் தலையசைத்தார். எழுதுகிறேன் என்றார். அவள் ஒரு துண்டு ரூபார்ப் பை வாங்கிக் காகிதத் தட்டில் வைத்து அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

*

மறுநாள் ஞாயிறு. சர்ச்சிலிருந்து வந்ததும் வெர்னா தட்டச்சின் முன்னால் உட்கார்ந்தாள். ஆர்வில் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல அடித்தாள். தேதி, விலாசம், பொருள். எங்கள் கையேட்டின் 1993 பதிப்பு, பக்கம் 88 குறித்து. மேற்படி பாதையின் நிர்வாகத்திடமிருந்து மார்ச் 12-ஆம் தேதி எங்களுக்குப் பதில் அட்டை கிடைத்துள்ளது. அதன்படி, பாதை இயங்கிவருவதாக நிர்வாகத்தால் கூறப்படுகிறது.

வெர்னாவின் விரல் நின்றது.

"கூறப்படுகிறதா?"

கம்பெனி அட்டையில் கூறியிருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன் என்றார் ஆர்வில்.

"அவங்க கூறினத அவங்களே போன்ல கூறிட்டாங்க. அது பத்தலன்னுதான் உன்கிட்ட வந்தாங்க. குறிப்பேடு எங்க? மே மாசம், ரெண்டு நாப்பது, பதினோரு வேகன். அத அடிக்கிறேன், சொல்லு."

ஆர்வில் ஜன்னலருகே போனார். அதை எழுதினால் என்ன ஆகும் என்பதை ராத்திரியெல்லாம் படுத்துக்கொண்டு வரிசையாக யோசித்து வைத்திருந்தார். மே மாதம் கண்ணால் பார்த்தேன் என்று எழுதினால், அக்டோபரில் தெரிந்தேதான் சிலுவை போட்டேன் என்று எழுதியதாகும். உரக் கம்பெனி யாரிடமாவது காட்டும். மூவாயிரம் வாசகர்களுக்குத் தெரியும். மற்றச் சிலுவைகள் எப்படிப் போட்டவை என்று கேட்பார்கள். இருபத்தாறு வருஷத்துப் புத்தகம். இந்தத் தடவை பொம்மை மாட்டோடு விடமாட்டார்கள். இவ்வளவையும் அவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வெர்னாவுக்குச் சொன்னார்.

கேட்டு முடித்தபின் அவள் கேட்டாள். "எதுக்கு அந்தச் சிலுவையப் போட்ட, ஆர்வில்?"

"விதி."

"அது இல்ல."

அவர் ஜன்னலிலிருந்து திரும்பி வந்தார். பிறகு காபி மேசையின் குட்டைக் காலைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது எவ்வளவு சின்ன விஷயம் என்று அவருக்கே தெரிந்தது; தெரிந்ததால் கோபம்தான் அதிகமாயிற்று. வெர்னா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"மிச்சத்த நீயே அடி. இனிமே ஸ்டாம்பும் நீயே ஒட்டிக்கோ."

ஆர்வில் உட்கார்ந்து இரண்டு விரலால் கடிதத்தை முடித்தார். கூறப்படுகிறது என்ற சொல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஜனவரி திருத்தப் பட்டியலில் இவ்விவரம் உரிய முறையில் சேர்க்கப்படும் என்று ஒரு வரியும் சேர்த்தார். திங்கட்கிழமை காலை முதல் தபாலில் சேர்த்தார். வாக்குக் கொடுத்தபடி எழுதிவிட்டோம், ஒரு நாளும் தாமதிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டே நடந்து வந்தார். ரூபார்ப் பை குளிர்பெட்டியில் வியாழன் வரை இருந்தது. வெர்னா அதைத் தொடவில்லை. கடைசியில் அவரே தூக்கிப் போட்டார்.

உரக் கம்பெனியிடமிருந்து ஏப்ரல் முதல் வாரம் பதில் வந்தது. தாங்கள் சிரமம் எடுத்து எழுதியதற்கு நன்றி. கிடைத்த தகவல் நிர்வாகத்தின் சொந்தக் கூற்றாகவே இருப்பதாலும், தங்கள் கையேட்டில் இன்றுவரை மாற்றம் இல்லாததாலும், தெற்கே உள்ள இடத்தைத் தேர்ந்திருக்கிறோம். தங்கள் புத்தகம் எங்கள் ஆபீசில் பெரிதும் பயன்படுகிறது.

மார்லிஸிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கடிதமோ போனோ வரும், திட்டுவாள் என்று ஆர்வில் கோடை முழுக்க எதிர்பார்த்தார். திட்டினால் பதில் சொல்ல அவரிடம் மூன்று பக்கத்துக்கு விஷயம் இருந்தது. தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நின்றுகூடப் பார்த்தார்.

*

நவம்பரில், மக்காச்சோளம் எல்லாம் ஏற்றி முடிந்தபின், ஹாலோவே அண்ட் வெஸ்டர்ன் கடைசியாக ஒருமுறை ஓடியது. ஆர்வில் போகவில்லை. போன ரயில் பைத்தியங்கள் நாற்பது பேர் இருக்கும். பதினோராம் மைல் பாலத்துக்கு இரு பக்கமும் முக்காலி நட்டு நின்றார்களாம், காலை பத்து மணி வெளிச்சத்துக்கு. மார்லிஸ் யாரையும் விரட்டவில்லையாம். எஞ்சின் 302 ஒரு சர்க்கரை ஆலைக்குப் போயிற்று. மற்றது பழைய இரும்புக்கு.

டிசம்பர் மாதச் சங்கப் பத்திரிகையில் அந்தக் கடைசி ரயிலின் படம் அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. கீழே எழுதியிருந்தவர், அந்த விருந்தில் பொம்மை மாட்டைக் கையில் கொடுத்த அதே ஆள்: "அரசாங்கப் பட்டியல் இந்தப் பாதையை இன்னமும் உயிரோடு காட்டுகிறது. பச்சைப் புத்தகமோ ஒரு வருஷம் முன்பே சிலுவை போட்டுவிட்டது. டெஷ்ஷுக்கு எப்படித்தான் முன்கூட்டியே தெரிகிறதோ! அன்றைக்குச் சிரித்தவர்கள் இன்றைக்குத் தொப்பியைக் கழற்றுகிறோம்."

ஆர்வில் அதை இரண்டு தடவை படித்தார். பதினேழு வருஷம் காத்திருந்த வார்த்தை. வெர்னாவிடம் காட்டலாமா என்று எழுந்து, அவள் சமையலறையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, திரும்ப உட்கார்ந்துகொண்டார். எந்தக் கடிதத்துக்கும் பதில் போடாமல் விட்டவரல்ல அவர். தங்கள் அன்பான சொற்களுக்கு நன்றி. பெருமை முறைமையைச் சேர்ந்தது என்று ஒரு அட்டை எழுதிப் போட்டார்.

ஜனவரி பிறந்தது. சாப்பாட்டு மேசையில் அட்டைகள் ஏறின. வெர்னா தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், அங்கே நின்றபடியே சாப்பிட்டாள். கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றி அந்த வருஷம் ஒன்றும் சொல்லவில்லை. ஆர்வில் தனியாக உட்கார்ந்து ஸ்டாம்பு ஒட்டினார். நூறு அட்டைக்குமேல் நாக்கு மரத்துப்போய்ப் பசையின் கசப்பு தொண்டை வரை இறங்கியது. இருபத்தைந்து வருஷம் அவள் இதைச் சொன்னதே இல்லை. ஹாலோவே அட்டை கைக்கு வந்தபோது சற்று யோசித்தார். சிலுவை விழுந்த பாதைக்கும் அடுத்த பதிப்புவரை அட்டை போக வேண்டும் என்பது விதி. ஒட்டினார்.

பத்தாம் நாள் பதில் வந்தது, லைல் காலத்தைப்போல.

வாசலிலேயே நின்று படித்தார். மார்லிஸின் கையெழுத்து அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக இருந்தது. எஞ்சின்கள்: இல்லை. எண்கள்: இல்லை. பட்டறை, வருஷம்: இல்லை. மைல்: பூஜ்யம். பெரிய லைனோடு சேரும் இடம்: இல்லை. ஓடும் கிழமைகள்: இல்லை. ஒரு கோட்டையும் அவள் தாண்டிப் போகவில்லை. பிற விவரம் என்பதற்கு எதிரே மட்டும் வெறுமையாக இருந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். ஒன்றும் எழுதவில்லை.

உள்ளே போய் அயோவா பெட்டியைத் திறந்து அகர வரிசையில் அதற்குரிய இடத்தில் சொருகினார். பிறகு, எப்போதும் செய்வதுபோல, எத்தனை பாக்கி என்று எண்ணிப் பார்த்தார். பாக்கி இல்லை. கையேடு தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, அயோவாவில் பதில் எழுதாதவர் ஒருவரும் இல்லை.